விழுந்தால் யாருக்குச் சொல்ல

"நீங்க கீழ விழுந்தா யாருக்கு சார் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் கையிலிருந்த டேப்லெட்டில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காப்பிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்கிற அதே குரல். அவள் மேல் தப்பில்லை, கம்பெனிக்காரன் கேட்கச் சொன்னதைக் கேட்கிறாள். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் கனிஷ்கா என்று பெயர். வண்டியின் நடுக்கம்பிக்குள் ஏதோ சென்சார் இருக்கிறதாம். ஓட்டுகிறவர் விழுந்து, அரை நிமிடத்துக்குள் எழுந்து வண்டியை நிமிர்த்தவில்லை என்றால் அதுவாகவே ஒருவருக்குச் செய்தி அனுப்பிவிடுமாம், விழுந்த இடத்தின் வரைபடத்தோடு. அந்த ஒருவரின் பெயரும் நம்பரும் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது. "மிஸஸ் நம்பர் போட்டுடலாமா சார்?" என்றாள். "கல்யாணம் ஆகலம்மா" என்றார் பூவராகன். ஐம்பத்தெட்டு வயதில் இதைச் சொல்லும்போது வழக்கமாக ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொள்வார், இன்றைக்கு அது மறந்துபோனது. "பரவால்ல சார், யார் நம்பர்னாலும் ஓகே. யோசிச்சு வைங்க, நான் மேனேஜர்கிட்ட பச்சைக் கலர் ஸ்டாக் இருக்கான்னு கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே, சாலை ரோடு என்று பெயர் வைத்திருக்கிற ரோட்டில் பதினோரு மணி வெயில். உள்ளே ஏசி. நடுவில் ஒரு சோபா, அதில் பூவராகன், மடியில் பை.

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது, இதென்ன பரீட்சையா என்று முதலில் தோன்றியது. அக்கா இருக்கிறாள். புனேயில் இருக்கிறாள். எழுபத்திரண்டு வயது. செய்தி போனால் போன் சிணுங்கும், அது சிணுங்கியது அவள் காதில் விழ வேண்டும், விழுந்தால் மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டும், கண்ணாடி கிடைத்தாலும் ஆங்கிலத்தில் வருவதைப் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்து படித்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவள் புனேயில் உட்கார்ந்து அழுவாள், இவர் காவேரிப் பாலத்தில் படுத்துக் கிடப்பார். வேண்டாம், அவளுக்கு ஏற்கனவே பிரஷர். கீழ் வீட்டுக்காரர் ராமபத்ரன்? பதினோரு வருடமாக ஒரே படிக்கட்டு. இந்தப் பதினோரு வருடத்தில் அவர் பேசியதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் மோட்டாரை நிறுத்திட்டீங்களா என்ற ஒரு வாக்கியம்தான் மிஞ்சும். மாடி வீட்டுக்காரர் விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தால் மேல் குழாயை மூடிவிட்டுப் போனாரா என்று ஓடிப்போய்ப் பார்ப்பார், நல்ல மனுஷன். கல்லூரி? முப்பத்தோரு வருடமாக வேதியியல் ஆய்வக உதவியாளர். எந்தப் பாட்டில் எந்தத் தட்டில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துக் கொடுப்பார். துறைத் தலைவியாக வந்திருக்கிற அம்மாளுக்கு ஆய்வகத்தில் இருக்கும் தராசை விட வயது குறைவு. மரியாதையான பெண். செய்தி கிடைத்தால் துறையின் வாட்ஸப் குழுவில் போடுவார், பதினேழு பேர் கைகூப்பும் பொம்மையை அனுப்புவார்கள். பூவராகன் தன் போனைத் திறந்து பெயர்களை மேலிருந்து கீழே தள்ளினார். அக்கா. அடுப்பு கேஸ். எலும்பு டாக்டர். கல்லூரி ஆபீஸ். சலவைக்காரர். ஜெ. அந்த ஒற்றை எழுத்தைத் தாண்டிக் கட்டை விரல் வேகமாகப் போனது. பதினான்கு மாதமாக அந்த இடத்தில் விரல் அப்படித்தான் போகிறது. ஆக, விழாமல் ஓட்டுவதுதான் வழி என்று தனக்குத்தானே ஒரு வேடிக்கை சொல்லிப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பை தொடையை அழுத்தியது. டிபன் டப்பா, குடை, பழைய செய்தித்தாளில் சுற்றிய பதினெட்டாம் நம்பர் ஸ்பேனர். கல்லூரிக்குப் போகிற ஆள் ஸ்பேனரை ஏன் தினமும் சுமக்கிறார் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. தெரியும், ஆனால் யாரும் கேட்பதில்லை.

எதிரே மேடையில் அந்த எலெக்ட்ரிக் சைக்கிள் நின்றது. குறை சொல்ல முடியாத வண்டி. ஒரு ஒயர் வெளியே தெரியாது. பேட்டரி கம்பிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, பிரேக்கைத் தொட்டால் மோட்டார் நின்றுவிடுகிறது, சும்மா உருட்டிக்கொண்டு போகும்போது கைப்பிடி தவறித் திரும்பினாலும் ஓடாது. "இதுல நீங்க கையே வைக்க வேண்டாம் சார், ஒரு ஸ்குரூ கூடத் திறக்க வேண்டாம். திறந்தா வாரண்டி போயிடும்" என்று கனிஷ்கா சொன்னபோது எத்தனை நிம்மதியாக இருந்தது. கையே வைக்க வேண்டாம். யார் கையும் உள்ளே போகாது. இதைவிட வேறென்ன வேண்டும் ஒரு மனுஷனுக்கு என்றுதான் சற்று முன் ஓட்டிப் பார்க்கப் போனார். கடைக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு மிதி மிதித்ததும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளினது போல இருந்தது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டார். யாருமில்லை. ஒரு வேன் நின்றது, அதன் நிழலில் ஒரு நாய். அட அசடே, மோட்டார் தள்ளுகிறது, அதற்குத்தானே வந்தாய் என்று திட்டிக்கொண்டு சந்தின் கடைசி வரை போனார். ஆனால் உடம்புக்கு அந்தத் தள்ளல் முன்பே பழக்கமானது. ஆடி மாதக் காற்றில் காவேரிப் பாலத்தின் மேல் ஏறும்போது பின்னாலிருந்து ஒரு மொபெட் வரும், அதை ஓட்டுகிறவன் இடது காலைத் தூக்கி இவர் சைக்கிளின் கேரியர் தண்டில் வைத்து முட்டுக் கொடுத்துத் தள்ளுவான். "மிதிக்காதய்யா, சும்மா உக்காந்து வேடிக்கை பாரு" என்று காற்றுக்கு மேல் கத்துவான். பாலம் முடியும் வரை இரண்டு பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டு போவார்கள், லாரிக்காரன் திட்டத் திட்ட. ஜெபமாலையின் அந்தக் கால்தான் இவருக்கு வாய்த்த முதல் மோட்டார். சார்ஜ் போட வேண்டியதில்லை, போகிற வழியில் ஒரு டீ போதும். சந்திலிருந்து திரும்பி வந்து, "வண்டி நல்லாருக்கும்மா" என்று மட்டும் சொன்னார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் முழங்கால் வலி தாங்காமல் எலும்பு டாக்டரிடம் போனபோதே இப்படி ஒரு வண்டியை வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. அந்த வாரமே வாங்கத்தான் இருந்தார், ஜெபமாலைதான் சிரித்தான். "அடைச்சு வச்சு விக்கிறதை வாங்குற ஆளா நீ? உன் சைக்கிளுக்கு என்ன கேடு? மோட்டார் வச்ச சக்கரம் தனியா வருது, கன்ட்ரோலர் வருது, பேட்டரி வருது. ஒரு ஞாயித்துக்கிழமை போதும், நம்மளே மாட்டிடலாம்." ரயில்வேயில் எலெக்ட்ரீஷியனாக இருந்து விருப்ப ஓய்வில் வந்தவன், அவன் கைக்கு அது ஒரு வேலையே இல்லை. பூவராகன் ஆய்வகப் பழக்கத்தில் ஒரு ரெக்கார்டு நோட்டில் எழுதினார். நோக்கம், மிதிவண்டியை மின்வண்டியாக்குதல். தேவையான பொருட்கள் என்று வரிசையாக எழுதி, கடைசியில் ஆட்கள் இரண்டு என்று முடித்து, அடியில் கோடும் போட்டார். ஒருவர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் வாஷரை மாட்டி நட்டை முறுக்க வேண்டும். அன்றைக்கு அந்த வரியை எழுதும்போது கை யோசிக்கவே இல்லை. மூன்று மாதத்துக்கு முன் பஸ்ஸில் போய்வந்து அலுத்து, வேறொரு பழைய சைக்கிளும் இன்னொரு மோட்டாரும் வாங்கித் தானே மாட்டிப் பார்த்தால் என்ன என்று அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் மறுபடி எழுதினார். தேவையான பொருட்கள் எல்லாம் தடையில்லாமல் பேனாவில் வந்தன. ஆட்கள் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஒற்றை ஆளாக முடியுமா என்று ஒரு படம் கூடப் போட்டுப் பார்த்தார். படத்தில் கயிறு நன்றாக இருந்தது. படத்தைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு மெக்கானிக்கும் சொன்னார், "உங்க சைக்கிளைக் கொண்டாங்க சார், ரெண்டு மணி நேரத்துல மாட்டித் தந்துடறேன்" என்று. உங்க சைக்கிளைக் கொண்டாங்க. அவர் சைக்கிள் பாலக்கரையில் ஜெபமாலையின் வீட்டு வராண்டாவில் கிடக்கிறது. கிடக்கிறதோ இல்லையோ. அதைக் கேட்க வேண்டுமென்றால் அந்தப் படியேற வேண்டும். அந்தப் படியேறுவதை விட இந்த ஏசிக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது எவ்வளவோ மேல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே சறுக்கியது என்று பதினான்கு மாதமாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார், ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்கே வந்து நிற்கிறது. காலைப் பூசை முடிந்து ஜெபமாலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். சைக்கிளைத் தலைகீழாக, சீட்டும் கைப்பிடியும் தரையில் படும்படி நிறுத்தினார்கள். மோட்டாரிலிருந்து மூன்று தடி ஒயர், மஞ்சள், பச்சை, நீலம். மின்சாரத்தை அளந்து விடுகிற கன்ட்ரோலரிலிருந்தும் அதே மூன்று. "மோட்டார் ஒருத்தன்கிட்ட வாங்கினது, இது இன்னொருத்தன்கிட்ட வாங்கினது. கலரை நம்பாதய்யா, ஒண்ணொண்ணா மாத்திப் பாப்போம்" என்றான் அவன். பூவராகனுக்கு அது பொறுக்கவில்லை. முப்பது வருடமாகச் சிவப்பு மூடிக்குச் சிவப்பு மூடி, நீலத் தாளுக்கு நீலத் தாள் என்று வாழ்ந்தவர். "நிறம் எதுக்கு வச்சிருக்கான்? கலருக்குக் கலர் குடு. இது கூடத் தெரியாம எப்படி ரயில் விட்டீங்க?" என்று கிண்டல் வேறு. அவன் மனைவி செலின் காப்பி டம்ளரோடு நின்று சிரித்தாள். அவன் ஒரு நிமிடம் இவரைப் பார்த்தான், சரி, உன் வண்டி என்று கலருக்குக் கலர் இணைத்தான். கைப்பிடியை லேசாகத் திருகச் சொன்னான். சக்கரம் ஒரு உதறு உதறி நின்றது. "இரு, செயின் இடிக்குதா பாக்கறேன்" என்று குனிந்து வலது ஆள்காட்டி விரலைச் செயினில் வைத்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் சக்கரம் முன்னால் சுற்றினால் செயின் அசையாமல் கிடக்கும், எல்லா சைக்கிளிலும் அப்படித்தான், அந்தத் தைரியத்தில் வைத்தான். அப்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்கிறதே என்று பூவராகன் பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தார். மோட்டாரை முடுக்குகிற வலது கைப்பிடியை. பிடித்தால் திருகும் என்று தெரியாதா, தெரியும், அந்தக் கணத்தில் தெரியவில்லை. சக்கரம் பின்னால் சுற்றியது. பின்னால் சுற்றினால் செயினையும் சேர்த்து இழுக்கும். நீலத்தையும் மஞ்சளையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இவர் கலருக்குக் கலர் என்று பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால், இவர் கை அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால். ஒரு சின்னச் சத்தம்தான் கேட்டது. ஜெபமாலை கத்தக்கூட இல்லை. "அடச்சே" என்றான்.

ஆட்டோவில் அவன் கையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு போனது முழுக்க ஞாபகம் இருக்கிறது, ஆஸ்பத்திரி வாசலில் சட்டைப் பையில் கனக்கிறதே என்று பார்த்தால் பதினெட்டாம் நம்பர் ஸ்பேனர் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அதை எப்போது பையில் போட்டார் என்று மட்டும் தெரியவில்லை. விரலை முதல் கணு வரை எடுத்துவிட்டார்கள். பெஞ்சில் செலின் உட்கார்ந்திருந்தாள், இவர் நின்றுகொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து அவள் நிமிர்ந்து, "நீங்க போங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றாள். நீங்க போங்கண்ணே. களைத்துப் போயிருக்கிறீர்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள் என்று சொன்னாளா, என் கண் முன்னால் நிற்காதீர்கள் என்று சொன்னாளா. குரல் அழுததால் அப்படி இருந்ததா, வெறுத்ததால் அப்படி இருந்ததா. அண்ணே என்றுதானே சொன்னாள். வெறுத்தால் அண்ணே என்று வருமா. வரும், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் வந்துவிடும். இந்த ஒரு வரியை அவர் பல் தேய்க்கும்போதும் ஆய்வகத்தில் பியூரெட் கழுவும்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும் எத்தனை தடவை திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பார். மறுநாள் போக வேண்டும் என்று இருந்தார், போகவில்லை. என்ன முகத்தோடு போவது என்று ஒரு நாள் தள்ளினார். பழம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று அடுத்த நாள் தள்ளினார். ஒரு வாரம் ஆனபோது இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்பானே என்று பயம். ஒரு மாதம் ஆனபோது அந்தப் பயத்துக்கே வயது ஒரு மாதம். ஜெபமாலை ஏழு தடவை போன் செய்தான். ஏழு தடவையும் மேஜை மேல் அது ஆடுவதை இவர் பக்கத்தில் நின்று பார்த்தார். எட்டாவது தடவை வரவில்லை. அதற்குப் பிறகு வராதது இவருக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ராத்திரி பகல் என்று இல்லாமல் அந்த எட்டாவது அழைப்புக்காகத்தான் காத்திருந்தார்.

விரல் என்றால் வெறும் விரல் இல்லை. பாலக்கரையில் அவர்கள் ஆடுகிற மன்றத்தில் கேரம் என்றால் ஜெபமாலை. அந்த ஆள்காட்டி விரலால் ஸ்ட்ரைக்கரைத் தட்டினால் பவுடர் கூடக் கலையாது, காய் மட்டும் போய் விழும். ஜோடி ஆட்டத்தில் ஜோடிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். இருபத்திரண்டு வருடம் சாயங்காலமானால் எதிரே அந்த முகம். இவர் சுமாராகத்தான் ஆடுவார். தோற்கிற மாதிரி இருந்தால் அவன் ஒரு புருவத்தைத் தூக்குவான், அதற்கு அர்த்தம் நீ சும்மா சிவப்பை மறைத்து வை, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல உலகத்தில் இவருக்கு இருந்த ஒரே ஆள். அந்த விரலைத்தான் இவர் எடுத்தார். இரண்டு மாதத்துக்கு முன் பஸ்ஸில் போகும்போது மன்றத்து வாசல் தெரிந்தது. சிக்னலில் பஸ் நின்றது. உள்ளே நான்கு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஜெபமாலை ஆடவில்லை, சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வலது கையை இடது கைக்குள் வைத்திருந்தான். இறங்கிவிடலாம் என்று ஒரு காலை எடுத்துக் கீழ்ப் படியில் கூட வைத்தார். கண்டக்டர் "யோவ் பெருசு, ஸ்டாப்பிங் அங்க இருக்கு" என்று கத்தினார், பச்சை விழுந்தது, பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் மேல் பழி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். மூடி வைத்துத் தருகிற வண்டி வாங்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார். கை வைக்க வேண்டியதில்லை, ஆள் வேண்டியதில்லை, பாலக்கரை வழியாகப் போகிற பஸ்ஸிலும் ஏற வேண்டியதில்லை. எல்லாம் சரியாகத்தான் யோசித்திருந்தார். இந்தக் கம்பெனிக்காரன் கடைசியில் இப்படி ஒரு கேள்வியைக் கொண்டுவந்து வைப்பான் என்று யாருக்குத் தெரியும்.

"பச்சை இருக்கு சார்!" என்று கனிஷ்கா வந்தாள். சோபாவில் இடம் வேண்டும் என்று பையைத் தூக்கி நகர்த்தப் போனவள், "அப்பா, என்ன சார் இவ்ளோ கனம், கல்லா வச்சிருக்கீங்க?" என்று சிரித்துவிட்டு அதை அவர் மடியிலேயே திரும்ப வைத்தாள். "நம்பர் சொல்லுங்க சார்." பூவராகன் அக்காவின் நம்பரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஒன்பது நான்கு நான்கு என்று வேறொன்று வந்தது. பத்து இலக்கமும் ஒரு தடங்கல் இல்லாமல் வந்து முடிந்தன. அவர் போனைப் பார்க்கவே இல்லை. "பேரு?" "ஜெபமாலை." "உங்களுக்கு என்ன வேணும் சார் அவர், சொந்தமா, நண்பரா?" என்று கேட்டாள். அவர் வெளியே ரோட்டைப் பார்த்தார். அவள் நண்பர் என்று தானே போட்டுக்கொண்டாள். "இப்ப அவர் போனுக்கு ஒரு நாலு இலக்க நம்பர் போயிருக்கும் சார். அவர் சம்மதிச்சு அதைச் சொன்னாத்தான் ரிஜிஸ்டர் ஆகும். நீங்க பேசறீங்களா?" அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. வேண்டாம், அந்த நம்பரையே எடுத்துவிடும்மா என்று சொல்ல நினைத்தார், அதற்குள் அவளே முந்திக்கொண்டாள். "சரி, நானே கேட்டுடறேன்" என்று அவள் கடை போனில் அழைத்து, டேப்லெட்டில் எழுத இரண்டு கையும் வேண்டுமே என்று ஸ்பீக்கரைப் போட்டு மேஜை மேல் வைத்துவிட்டாள். மணி அடித்தது. எடுக்கமாட்டான். எடுத்தாலும் தெரியாது என்பான். எந்தப் பூவராகன் என்று கேட்பான், கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது. நான்காவது மணியில் எடுத்தான்.

"ஹலோ."

"சார் வணக்கம், சாலை ரோட்டுலேருந்து பேசறேன். பூவராகன்னு உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா? அவர் சைக்கிள்ல கீழ விழுந்தா—"

"விழுந்துட்டானா?" ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது. "எங்கம்மா? சாலை ரோட்டுல எங்க? தலையில அடியா, நினைவு இருக்கா? செலின், அந்தச் சட்டைய எடு, பூவு விழுந்துட்டானாம். ஆட்டோவுக்குச் சொல்லு. அம்மா, நீ அங்கேயே இரும்மா, தண்ணி கிண்ணி குடுத்துடாத, நான் பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

"சார், சார், அவர் விழல சார்! நல்லா உக்காந்திருக்காரு." கனிஷ்கா பதறிப்போனாள். "புது எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கறாரு. பின்னாடி எப்பவாவது விழுந்தா உங்களுக்கு மெசேஜ் வரணும்னு உங்க நம்பரைக் குடுத்திருக்காரு. அதுக்குத்தான் சார் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தமும், யாருங்க, என்ன ஆச்சு என்று செலின் கேட்பதும் கேட்டன.

"அவன் பக்கத்துலதான் இருக்கானா?"

"இருக்காரு சார்."

"நான் பேசறது கேக்குதா அவனுக்கு?"

அவள் பூவராகனைப் பார்த்தாள். அவர் கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக்கூட இல்லை. "கேக்குது சார்" என்றாள் மெதுவாக.

"யோவ்," என்றான் ஜெபமாலை. "விழுந்தாத்தான் எனக்குச் சொல்லுவியா?"

பூவராகன் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பதினான்கு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எத்தனையோ இருந்தன, மன்னிப்பு, விளக்கம், அந்தக் கைப்பிடி, அந்த நிறம். வந்தது இவ்வளவுதான்: "வெரல் எப்படிய்யா இருக்கு?"

"எது? போனது போயிடுச்சு. மிச்சம் ஒம்பதும் நல்லாத்தான் இருக்கு." உருண்ட பாத்திரத்தை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. "ஏழு தடவை அடிச்சேன்யா உனக்கு. ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா செலின்தான் கேட்டுக்கிட்டே இருந்தா, அண்ணன் சாப்பிடாமப் போனாரேன்னு. சரி, விடு. போன்ல நாலு நம்பர் வந்து நிக்குது. இந்தப் பொண்ணுகிட்ட சொல்லட்டுமா, வேணாமா?"

"வேணாம்" என்றார் பூவராகன்.

"அப்ப கெளம்பி வா. உன் வண்டி இன்னும் தலைகீழாத்தான் நிக்குது. கை ஆறினதுமே ஒயரை எல்லாம் மாத்திக் குடுத்துட்டேன், நேரா ஓடுது. பின்சக்கர நட்டு மட்டும் முறுக்கல. இருந்த ஒரே பதினெட்டாம் நம்பரையும் எவனோ தூக்கிக்கிட்டுப் போயிட்டான்."

அந்த நாலு இலக்கத்துக்கான நேரம் முடிந்துவிட்டதென்று டேப்லெட் சொன்னது. மறுபடி அனுப்பவா என்று கேட்டது. கனிஷ்கா அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் எழுந்து, முழங்காலை ஒருதரம் நீட்டி மடக்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப வண்டி வேணாமா சார்? பச்சை ஒண்ணுதான் இருக்கு."

"நல்ல வண்டிதாம்மா," என்றார் பூவராகன். "ஆனா நாங்க ரெண்டு பேர் இருக்கோம்."

அவளுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல அவருக்கும் நேரமில்லை, எதிர்ப்பக்கம் பாலக்கரை பஸ் வந்துகொண்டிருந்தது.